இறம்பொடைக் கணவாயும் இராமகாதைத் தலங்களும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருந்தெரு, புசல்லாவையைக் கடந்ததும் கொத்மலைப் பள்ளத்தாக்கின் விளிம்பை அணைந்தவாறு மேலேறத் தொடங்குகின்றது. ஒருபுறம் நீர்த்தேக்கத்தின் பரப்பு; மறுபுறம் படிபடியாக உயரும் தேயிலை மலைகள். இவ்விரண்டுக்கும் இடையில் 109 மீற்றர் உயரத்திலிருந்து இரு பிரிவாக வீழும் அருவியின் அடியில் இறம்பொடை அமைந்துள்ளது. இன்று இத்தெருவழியே செல்லும் சுற்றுலா வாகனங்களுள் இங்கு நில்லாது செல்வன சிலவே. அவை நிற்பது அருவிக்காக மட்டும் அன்று. வேவண்டன் மலைச்சாரலில், இருபதாம் நூற்றாண்டின் இறுதியிற் சின்மயா மிஷன் நிறுவிய அனுமன் ஆலயத்தில் 18 அடி உயரமான ஆஞ்சநேயர் திருவுருவம் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கின்றது. சீதையைத் தேடி வந்த அனுமன் இம்மலையில் தங்கினான் என்று வழிகாட்டுவோர் கூறுகின்றனர். வடஇந்தியாவிலிருந்து வந்த யாத்திரிகர் அதனைக் கைகூப்பிக் கேட்கின்றனர்.

கதை அவ்வளவில் நிற்பதில்லை. இராமனுடைய படை தங்கிய இடமாதலின் 'இராமன் படை' என்பதே இறம்பொடை என மருவிற்று என்பர். அண்மையிலுள்ள மலையுச்சியில் ஒரு சிறு குளம் இருக்கின்றது. சிறைப்பட்டுச் சென்ற சீதை சிந்திய கண்ணீரே அக்குளமாயிற்றாம். அதனையடுத்த புல்வெளியில் மரஞ்செடிகள் வளராதிருத்தற்குக் காரணம், இராவணனுடைய தேர் அவ்வழியே ஓடியமையாம். நுவரெலியாவுக்கு அப்பால், பதுளைத் தெருவில், ஓர் ஓடைக்கரையில் சீதையம்மன் ஆலயம் விளங்கும் சீதா எலிய உளது. அங்குள்ள பாறைக் குழிகள் அனுமனின் பாதச்சுவடுகள் எனப்படுகின்றன. அதற்கு அண்மையிலுள்ள அக்கலைப் பூங்கா அசோகவனம் என்றும், வெலிமடைக்கு அணித்தான திவுரும்பொல சீதை தீக்குளித்த இடம் என்றும் காட்டப்படுகின்றன. இவ்வாறு ஒரு நாட்பயணத்துள் ஆரணிய காண்டத்தின் பிற்பகுதியிலிருந்து யுத்த காண்டத்தின் முடிவுவரை கண்டுமுடித்துவிடலாம். 2000 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்து இலங்கையின் சுற்றுலாத்துறை, தீவு முழுவதிலும் ஏறத்தாழ ஐம்பது இடங்களை 'இராமாயண வழி' என ஒன்றிணைத்து விளம்பரப்படுத்தி வருகின்றது. அவ்வழியின் நடுப்பகுதி, நுவரெலியாவைச் சூழ்ந்த இம்மலைகளேயாகும்.

வரலாற்று மாணவன் இத்தகைய கதைகளை எதிர்கொள்ளும்போது இருவகைத் தவறுகளுக்கு ஆளாகக்கூடும். கேட்டவாறே நம்புதல் ஒன்று. கேட்ட மாத்திரத்தே எள்ளி நகையாடுதல் மற்றொன்று. முதலாவது தவறு பெரிதும் பேசப்பட்டுவிட்டது. இரண்டாவதே கற்றோரிடை மிகுதியும் காணப்படுவதாகும். ஒரு கதை நிகழ்ந்ததா என்னும் வினாவுக்கு 'இல்லை' என விடையிறுத்தபின்னும், அது யாரால், எக்காலத்தில், எதன்பொருட்டு இவ்விடத்திற் பொருத்தப்பட்டது என்னும் வினா எஞ்சிநிற்கின்றது. அவ்வினாவே வரலாற்றுக்குரியது.

முதல் வினாவுக்குரிய விடையை விரைந்து கூறிவிடலாம். வான்மீகியார் காட்டும் இலங்கை, கடலையடுத்த திரிகூட மலையின்மீது அமைந்த நகரம். அதன் அசோகவனம் அரண்மனையை அடுத்த சோலை. அனுமன் அரண்மனை மதிலிலிருந்து அதனுள் பாய்கின்றான். அக்கலை அசோகவனமாயின், இராவணனின் நகரும் அம்மலையடியிலேயே இருந்திருத்தல் வேண்டும். இராவணனது தேர் வான்வழிச் சென்றதென்பது வான்மீகம். கம்பரோ பன்னசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் சென்றதாகப் பாடுவார். இரண்டிலும் மலைமுகட்டிற் சில்லுருண்டு புல் கருகுதற்கு இடமில்லை. மரமின்றிக் கிடக்கும் அவ்வெளிகள், சிங்களத்திற் 'பத்தன' எனப்படும் மலைநாட்டுப் புற்றரைகளைச் சார்ந்தன. ஊவாவிலும் நுவரெலியாவிலும் தேர் ஓடாத இடங்களிலும் அவை உண்டு. தொல்லியலறிஞர் சங்காலியா 1973 இல் வெளியிட்ட நூலில், இராமாயணத்து இலங்கை ஈழத்தீவன்று, மத்திய இந்தியாவிலேயே அதனைத் தேடுதல் வேண்டும் என வாதிட்டமையும் ஈண்டு நினைத்தற்குரியது. அவ்வாதத்தை எல்லோரும் ஏற்றிலர். ஆயினும் காவியத்தின் இலங்கையை இத்தீவோடு ஒன்றெனக் கொள்வதே ஆய்வுக்குரிய செய்தி என்பதை அது உணர்த்திற்று.

இலங்கையின் பழைய ஏடுகளும் இவ்விடயத்திற் பெரிதும் துணைசெய்வனவல்ல. மகாவம்சம் தீவின் மாந்தர் வரலாற்றை விசயனின் வருகையோடு தொடங்குகின்றது. அதன்கண் இராவணனுக்கு இடமில்லை. மகாயான பௌத்த நூலாகிய இலங்காவதார சூத்திரத்தில் இராவணன் தோன்றுகின்றான். ஆனால் அங்கு அவன் சீதையைக் கவர்ந்தவனாக அன்றி, புத்தரை வரவேற்று அறங்கேட்கும் அரசனாகவே காட்டப்படுகின்றான். காலத்தாற் பிற்பட்ட சிங்கள நூலாகிய இராஜாவலிய இராவணனைத் தீவின் பழைய அரசனாகக் கூறும். அவ்வாறு கூறுமிடத்தும் அவனது கோட்டை கடல்கோளுக்கு இரையாயிற்று என்றே சொல்கின்றது. கடலுள் அமிழ்ந்த கோட்டையை ஆறாயிரம் அடி உயரத்து மலையிற் காட்டுவது வழிகாட்டுவோரின் வல்லமையே.

ஊர்ப்பெயர் பற்றிய விளக்கமும் இத்தகையதே. சிங்கள இடப்பெயர்களிற் 'பொட' என்பது 'அருகு', 'அண்மை' என்னும் பொருளில் வருவதுண்டு. கங்கபொட என்பது ஆற்றருகைக் குறித்தல் போல. பிரித்தானியர் காலத்து ஆவணங்களும் இவ்வூரை 'றம்பொட' என்ற ஒலிப்பை அண்மித்தே எழுதின. இதனினும் சுவையானது தமிழ் எழுத்துமுறை. 'இராமன்' என்பதை இடையின ரகரமிட்டு நெடிலாக எழுதுதல் தமிழ்வழக்கு. இவ்வூர்ப்பெயரோ வல்லின றகரமும் குறிலுமாக 'இறம்பொடை' என்றே நிலைபெற்றுள்ளது. பெயரைத் தமிழில் முதலில் எழுதியோரின் செவியில் இராமனின் பெயர் ஒலித்திருப்பின் அவர்கள் இவ்வாறு எழுதியிருக்கமாட்டார்கள். படை பின்னர் வந்தது என்பதற்கு எழுத்தே சாட்சி.

இனி, கதைகள் இங்கு எவ்வாறு வந்தன என்பதை நோக்கலாம். அவை ஒரே காலத்தில், ஒரே கையால் வைக்கப்பட்டன அல்ல. மண்படைகளைப் போன்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. அடியிலிருப்பது கண்டி நாட்டுச் சிங்களக் கிராமத்தாரின் வாய்மொழி. சீதா எலிய, திவுரும்பொல, அக்கலை என்பன சிங்களப் பெயர்கள். அக்கலை என்பது 'தாடைப் பாறை' எனப் பொருள்படும். அனுமன் மருந்துமலையைத் தாடையிற் கவ்விவந்தபோது உடைந்து வீழ்ந்த துண்டு அது என்பது கதை. திவுரும்பொல 'சத்தியம் செய்த இடம்'. அங்கிருப்பது பௌத்த விகாரை. இப்பெயர்களும் இவற்றைச் சார்ந்த மரபுகளும் தேயிலை வருமுன்னரே வழங்கியவை.

இதற்கு மேலே படிந்தது தோட்டத் தமிழரின் வழிபாடு. சீதா எலிய ஓடையில் தெய்வ உருவங்கள் கண்டெடுக்கப்பட்டன என்றும், அவற்றை வைத்தே சிறு கோயில் எழுந்தது என்றும் கோயில் மரபு கூறுகின்றது. அண்டைத் தோட்டங்களின் மக்கள் அதனைப் பேணிவந்தனர். இங்கு ஒரு வேறுபாடு ஆழ்ந்து நோக்கற்பாலது. ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழரின் மரபில், இராமகாதையிலிருந்து நிலத்தோடு பிணைந்தவன் இராவணனே. திருக்கோணமலைப் பாறையின் பிளவு 'இராவணன் வெட்டு'. கன்னியா வெந்நீரூற்றுக்கள் அவன் தாய்க்கு இறுதிக்கடன் செய்தபோது தோன்றியவை. சிவபத்தனாகிய அவனைச் சம்பந்தரும் தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் வழக்கமாக நினைவுகூர்வர். மலையகத் தமிழரோ இராவணனுக்கன்றிச் சீதைக்கே கோயில் அமைத்தனர். ஒரே மொழி பேசும் இரு சமூகங்கள், ஒரே கதையின் இரு முனைகளைப் பற்றி நின்றன. இது தற்செயலானதா? முன்னவர் இத்தீவைத் தம் முன்னோர் ஆண்ட நிலமாக எண்ணியவர்; ஆளும் மன்னனைத் தமதாக்கினர். பின்னவர் கடல்கடந்து கொணரப்பட்டவர். அயல்மலையில் இருத்தப்பட்டு, மீட்சியை நோக்கியிருந்த ஒருத்தியைத் தம் தெய்வமாகக் கண்டனர். இஃது ஊகமே, ஆயினும் மறுத்தற்கரிய ஊகம்.

மூன்றாவது படை சுற்றுலாவினது. அதன் வருகையோடு முன்னைய இரண்டும் மறையத் தொடங்கின. சீதா எலிய ஆலயத்தின் 2024 மே மாதக் குடமுழுக்குக்கு அயோத்தியின் சரயு நதியிலிருந்து நீர் கொணரப்பட்டது. மறுபுறத்தில், சிங்களத் தேசியவாதிகளுள் ஒரு சாரார் இராவணனைத் தம் இனத்தின் மூதாதையாகக் கொண்டாடலாயினர். 2019 இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட இலங்கையின் முதற் செய்மதிக்கு 'இராவணா 1' எனப் பெயரிடப்பட்டது. அயோத்தியும் கொழும்பும் உரிமைபேசும் ஒரு பாறையில், அதற்கு நாளும் பூவிட்டு விளக்கேற்றிய கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

இத்தகைய நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. ஸ்பானியா நாட்டின் பழைய தலைநகராகிய தொலேதோ, தாகு ஆறு வளைந்தோடும் குன்றின்மீது அமைந்தது. அந்நகருக்குச் செல்வோர் 'எர்க்குலிசின் குகை'யைக் காண விழைவர். அக்குகையின் கதவுக்கு ஒவ்வோர் அரசனும் ஒரு பூட்டை ஏற்றிவந்தான் என்றும், இறுதிக் கோத்திய மன்னனாகிய றொட்றிகோ அப்பூட்டுக்களை உடைத்து உட்புகுந்தபோது அரபுக் குதிரைவீரரின் ஓவியங்களைக் கண்டான் என்றும், அதன் பயனாகவே 711 இல் நாடு முசுலிம்களின் வசமாயிற்று என்றும் கதை கூறும். 1546 இல் பேராயர் ஒருவர் ஆட்களை அனுப்பி அக்குகையை ஆராய்வித்தார். பிற்கால ஆய்வு அது சான் கினேசு தேவாலயம் இருந்த இடத்தின் கீழமைந்த உரோமர்கால நீர்த்தேக்கம் என நிறுவிற்று. இன்று அங்கிறங்கும் பயணி கதையையும் கேட்கின்றான்; உரோமரின் கற்கட்டையும் காண்கின்றான். ஒன்று மற்றொன்றை அழித்திலது. தொலேதோவுக்கும் இறம்பொடைக்கும் உள்ள வேறுபாடு கட்டுக்கதையின் அளவில் இல்லை. கதைக்கு அடியிலிருப்பதைக் காட்டும் மனமே வேறுபடுகின்றது.

இறம்பொடைத் தெருவின் அடியிலிருப்பது யாது? அதனைக் கண்டறிய அகழ்வாய்வும் வேண்டியதில்லை. தெருவே முதற்சான்று. 1819 இல் ஆங்கில மருத்துவராகிய ஜோன் டேவி நுவரெலியாச் சமவெளியைக் கண்டு எழுதினார். தேசாதிபதி எட்வேட் பார்ன்சு அதனை நோயுற்ற படைவீரர் உடல்தேறும் இடமாக்கினார். பார்ன்சின் காலத்துத் தெருக்கள் பெரும்பாலும் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தாற் சமைந்தவை. 1830 களின் தொடக்கத்தில் அம்முறை ஒழிக்கப்பட்டபின், தென்னிந்தியரைப் பெரும்பான்மையாகக் கொண்ட 'பயோனியர்' படையினர் மலைநாட்டுத் தெருவேலையின் பாரத்தைச் சுமந்தனர். இறம்பொடைக் கணவாயின் கொண்டையூசி வளைவுகளில் இராமன் படை நடந்ததோ இல்லையோ, மண்வெட்டியும் அலவாங்கும் ஏந்திய இப்படை நடந்தது உறுதி. இன்று அவ்விடத்து வளைவுகளைத் தவிர்க்க 225 மீற்றர் நீளமான சுரங்கவழி ஒன்றும் குடையப்பட்டுள்ளது.

இத்தெருவின் தொடக்கத்திலேயே, கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியவில், ஜோர்ஜ் பேர்ட் என்பார் கோப்பித் தோட்டம் திறந்தார். மலையகத் தமிழரின் வருகை 1823 எனக் கணக்கிடப்படுவது அத்தோட்டத்தைக் கொண்டே. சற்று மேலே புசல்லாவையில், வேர்ம்சு சகோதரரின் றொத்சைல்ட் தோட்டத்தில் 1841 அளவிற் சீனத்துத் தேயிலை நடப்பட்டது. ஜேம்சு டெயிலர் லூல்கந்துரையில் 1867 இல் தேயிலையை வாணிபப் பயிராக்குவதற்குக் கால்நூற்றாண்டு முற்பட்டது இது. 1869 இல் இலைநோய் தாக்கிக் கோப்பி அழிந்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அசோகவனம் எனக் காட்டப்படும் அக்கலைப் பூங்காவும் இக்காலத்ததே. 1861 இல் அது நிறுவப்பட்டது மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் சின்கோனா மரத்தைப் பயிரிட்டுச் சோதித்தற்காக. சீதை அமர்ந்ததாகக் கூறப்படும் நிழலில், கசப்புப் பட்டையுரித்த கைகளும் இருந்தன.

கோப்பிக் காலத்தில் தொழிலாளர் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியிற் பேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோர் மிகப் பலர். 1914 இல் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவையும் புகையிரதத் தொடர்பும் ஏற்பட்டபின்னரும் அவர்கள் கடந்தது அதே நீரிணையைத்தான். இராமாயணச் சேது எனப்படும் மணற்றிட்டுக்களின் அருகே, இத்தீவை நோக்கி உண்மையாகவே கடல் கடந்து, மலையேறி, காட்டை அழித்தோர் தொகை இலட்சக்கணக்கில் அடங்கும். காவியத்தில் வானரர் செய்த செயல்களை வரலாற்றில் இவர்கள் செய்தனர்; போர் மட்டும் செய்யவில்லை.

இம்மக்கள் தம் லயங்களின் முன்றிலில் ஆடிய கூத்துக்கள் எவை என்பதும் கருதத்தக்கது. காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கருமே தோட்டந்தோறும் ஆடப்பட்டவை. எரிக்கப்பட்ட காமனுக்காக அழும் இரதியும், வனத்திற் தவமிருக்கும் பார்த்தனும், பங்காளிகளின் சூழ்ச்சிக்கு ஆளான உடன்பிறந்தாரும் அவர்களது இரவுகளை நிறைத்தனர். அவர்களது தெய்வங்களும் தொழிலின் சாயல் பெற்றன. மாரியம்மனும் முனியாண்டியும் ஊரிலிருந்து வந்தவர்கள். தொழிற்சாலையின் சுழலும் உருளையைக் காக்கும் ரோதைமுனியும், தேயிலைச் செடியை வெட்டும் பருவத்திற் பொங்கலிட்டு வணங்கப்படும் கவ்வாத்துச்சாமியும் இங்கேயே பிறந்தவர்கள். இவை புராணத்தில் இல்லாதவை. ஆகவே 'வழி'யிலும் இல்லை. ஆனால் ஒரு சமூகம் தன் வாழ்நிலத்தைத் தெய்வத்தால் நிரப்பிக்கொண்டதற்கு, பாதச்சுவட்டைக் காட்டிலும் ரோதைமுனியின் சூலமே வலிய சான்றாகும்.

சீதையின் கதையில் மீட்புக்குப் பின்னரும் துன்பம் தொடர்கின்றது. அவள் தன்னை மெய்ப்பிக்கத் தீயிற் புகவேண்டியிருந்தது. இம்மலைகளின் மக்களுக்கு அத்தீ சட்டவடிவில் வந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாடற்றவராயினர். தந்தையின், பாட்டனின் பிறப்பை ஆவணத்தால் நிறுவுக என்றது சட்டம். பிறப்புக்களைப் பதிந்துவைக்கும் வழக்கமே அரிதாயிருந்த லயங்களில் அவ்வாவணம் எங்ஙனம் கிடைக்கும்? 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா – சாத்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. பொருள்களைப் பங்கிடுவோர் பயன்படுத்தும் மொழியிலேயே இவ்வொப்பந்தங்கள் பேசின. அதன்பின் மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்தனர். ஏறியவர்களும் அழுதனர், மேடையில் நின்றவர்களும் அழுதனர். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு அவர்களைச் சுமந்துசென்ற கப்பலின் பெயர் 'இராமானுஜம்'. 1984 இல் அச்சேவை நின்றது. எஞ்சியோருக்குக் குடியுரிமை முழுமையாக வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறிற்று.

வந்த வழியை மறவாத முயற்சிகளும் உள. 2023 இல், இருநூறு ஆண்டு நிறைவின்போது, மலையகத் தமிழரும் அவர்தம் நண்பரும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அப்பழைய தடத்தில் நடைபயணம் சென்றனர். அதற்கு முன்னரே, 2007 இல், கம்பளைக்கு அண்மையிலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவனம் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றை அமைத்தது. பழைய லயன் அறைகளே காட்சிக்கூடங்கள். தொழிற்கருவிகளும், வீட்டுப் பாவனைப் பொருட்களும், ஆவணங்களும் அங்கு வைக்கப்பட்டுள்ளன. அனுமன் ஆலயத்துக்குச் செல்லும் வாகனங்கள் பலவும் கம்பளையைக் கடந்தே செல்கின்றன. அவற்றுள் ஒரு சிலவேனும் திரும்பி அங்கு நிற்பின், கண்ணீர்க் குளத்தின் கதையைப் பயணி வேறு செவியோடு கேட்பான்.

பேராதனையிலிருந்து புறப்படும் மாணவனுக்கோ தொடக்கம் இன்னும் அண்மையிலேயே உண்டு. கம்பளை 1341 இல் நான்காம் புவனேகபாகுவின் தலைநகராயிற்று. அவன் காலத்தில், 1344 இல், இலங்காதிலக விகாரையின் பாறையிற் பொறிக்கப்பட்ட சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் அமைந்தது. பௌத்த விகாரைக்கு அளிக்கப்பட்ட கொடையை, மலைநாட்டின் நடுவே, தமிழிலும் எழுதவேண்டிய தேவை அன்றைய அரசனுக்கு இருந்தது. படித்தறியக்கூடிய எழுத்துக்கள், ஐயத்துக்கிடமற்ற ஆண்டு. 'இராமாயண வழி'யின் அச்சிட்ட படத்தில் அச்சாசனத்துக்கு இடமிருக்க நியாயமில்லை. ஆயின் தமிழ் பயில்வோரின் சுற்றுலாக்களிலும் அது இடம்பெறுதல் அரிதே.

இறம்பொடையின் கீழே விரியும் கொத்மலைக்கும் அதற்கேயுரிய கதை உண்டு. தந்தையோடு முரணிய இளவரசன் துட்டகைமுனு மலயநாட்டிற் கரந்துறைந்தான் என மகாவம்சம் கூறும். அவ்விடம் கொத்மலையே என்பது அப்பள்ளத்தாக்கு மக்களின் துணிபு. வழிவழியாக அக்கதையைப் போற்றிய கிராமங்களின் வயல்களும் வீடுகளும் விகாரைகளும் மகாவலித் திட்டத்தின்கீழ் 1979 இல் தொடங்கி 1985 இல் முடிவுற்ற அணையின் பின்னே நீருள் ஆழ்ந்தன. அவற்றில் வாழ்ந்தோர் வேறிடங்களிற் குடியேற்றப்பட்டனர். மூழ்கிய விகாரைகளின் நினைவாக அணையை நோக்கிய குன்றின்மீது மகாவலி மகாசேய என்னும் பெருந்தூபி எழுப்பப்பட்டுள்ளது. மழை பொய்த்து நீர்மட்டம் தாழும் ஆண்டுகளில், கடதொர விகாரையின் இடிபாடுகளும் அங்கிருந்த புத்தர் சிலையும் சேற்றிலிருந்து மேலெழுகின்றன. அந்நாள்களில் பழைய கிராமத்தார் தம் பிள்ளைகளோடு அங்கு வந்து, தத்தம் வீடுகள் இருந்த இடங்களைக் கைநீட்டிக் காட்டிச் செல்கின்றனர்.